நாமினி நான்தான், உயில் எதற்கு?

கேள்வி: கணவருக்கு 67 வயது. சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அவர் பெயரில் இருக்கிறது. மகன், மகள் இருவருக்கும் திருமணமாகிவிட்டது. மாமியார் எங்களோடு இருக்கிறார். "பேங்கில் நீதான் நாமினி, உயில் எதற்கு?" என்கிறார் கணவர். மகனோ வீட்டை இப்போதே தன் பெயருக்கு எழுதச் சொல்கிறான். என்ன செய்வது?
- மதுரை மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, நாமினி வேறு, வாரிசு வேறு. வங்கி பணத்தை யார் கையில் கொடுக்கலாம் என்பதற்குத்தான் நாமினி. வாங்கியவர் அதை வாரிசுகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். வீட்டுக்கோ நாமினி என்ற ஏற்பாடே கிடையாது.

உயில் எழுதாமல் அவர் காலமானால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மகள், மாமியார் ஆளுக்குக் கால் பங்கு. மாமியாரின் பங்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பின்னால் அவரும் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அந்தக் கால் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும், கொழுந்தன், நாத்தனார் என்று எல்லோரும் நீங்கள் குடியிருக்கும் வீட்டில் பங்குதாரர் ஆவார்கள், அப்புறம் வீட்டை விற்க ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் நீங்கள் அலைய வேண்டும்.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அவர் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்து, அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் சொத்தில் பங்கு பெறாதவர்களாக, அவரைவிட இளையவர்களாக இருக்கட்டும். நாளைக்கு வழக்கு வந்தால் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். மனம் மாறினால் அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

வீட்டை உங்களுக்கு முழு உரிமையோடு எழுதச் சொல்லுங்கள். 'ஆயுள்வரை அனுபவிக்கலாம்' என்று மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட உங்களால் விற்க முடியாது. மாமியார் கடைசிவரை அங்கேயே இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவரைத் தவிக்கவிடக் கூடாது.

மகன் கேட்பது செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். அது பதிவானால் வீடு உடனே கை மாறிவிடும், நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. மகன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, இருந்தாலும் இந்த வயதில் இருக்கிற ஒரே வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். கைவிட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுத்து ரத்து செய்யக் கேட்கலாம்.

முதலில் அந்தக் கால் பங்குக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் கணவரிடம் காட்டுங்கள். உயில் எழுதி முடித்ததும் அது எந்த பீரோவில் இருக்கிறது என்று மகளிடமும் சொல்லி வையுங்கள்.