அடைமழையில் நனைந்த கார்ப்பெட்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் கார்ப்பெட், சோபா, மெத்தை கழுவிக் காயவைத்துக் கொடுப்பது என் தொழில். ஐப்பசி பிறந்ததும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து: அண்ணே, ராத்திரி சாரல் அடித்து ஹால் கார்ப்பெட் ஊறிவிட்டது. ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறோம். போதுமா?

போதாது. முதலில் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும், ஃபேன் எல்லாம் அப்புறம். பக்கத்தில் இருக்கும் பிளக் பாயின்ட்டை அணைத்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துக் கார்ப்பெட் மேல் போட்டு ஏறி மிதியுங்கள். வேட்டி நனைந்ததும் பிழிந்துவிட்டு மறுபடி மிதியுங்கள். துணியில் ஈரம் ஏறுவது நிற்கும் வரை விடக்கூடாது. தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம் வாடகைக்குக் கிடைத்தால் வேலை பாதியாகும். வீட்டில் தூசி எடுக்கிற சாதாரண வேக்குவமை வைக்காதீர்கள். மோட்டார் போய்விடும், ஷாக் அடிக்கும்.

அடுத்து, கார்ப்பெட்டைத் தரையிலிருந்து கிளப்புங்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, குறுக்கே மூங்கில் கழி, அதன் மேல் கார்ப்பெட். ஃபேன் காற்று அடியிலும் போக வேண்டும். மேல் நூல் சீக்கிரம் காய்ந்து கைக்கு நன்றாகத் தெரியும், அடித்துணி இன்னும் சொதசொதவென்று இருக்கும். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

திருவாரூரிலிருந்து: ஜன்னலைத் திறந்து வைக்கலாமா சார்?

மழை பெய்யும்போது வேண்டாம். வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற நேரத்தில் வெளிக்காற்றே ஈரம்தான். ஏசி இருந்தால் கார்ப்பெட்டை அந்த அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, ட்ரை மோடில் போடுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. மழை வெறித்து வெயில் முகம் காட்டினால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடலாம்.

வேதாரண்யத்திலிருந்து: 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது போல நாள் கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால்?

பிழிந்துவிட்டுத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ கழியில் தொங்கவிடுங்கள். ஒரே ஆளால் தூக்க முடியாத கார்ப்பெட் என்றால் யோசிக்காமல் இரண்டாக வெட்டுங்கள். மனசு வராதுதான், ஆனால் முழுசாக அழுகுவதற்குப் பாதிப் பாதியாவது மிஞ்சட்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து: தம்பி, சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அடியில் ஃபோம் வைத்த கார்ப்பெட். கழுவினால் சரியாகுமா?

ஆகாது அக்கா. ஃபோமையும் கார்ப்பெட்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜமக்காளம், பருத்தி விரிப்பு என்றால் சோப்புத்தூள் போட்டுச் சூடான தண்ணீரில் அலசி வெயிலில் காட்டலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: பிளீச்சிங் பவுடர் தூவட்டுமா? சாம்பிராணி?

பிளீச்சிங் பவுடர் கார்ப்பெட்டின் சாயத்தைத் தின்னும், அடியில் இறங்கிய பூஞ்சையை விட்டுவிடும். அதோடு வினிகரையும் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். சாம்பிராணி வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.

தஞ்சாவூரிலிருந்து: கார்ப்பெட் ஓரமாகச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து போனால் உப்பு. சுவர் தரையிலிருந்து ஈரம் இழுக்கிறது என்று அர்த்தம். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கார்ப்பெட்டை அந்தப் பக்கம் நெருங்க விடாதீர்கள்.

சீர்காழியிலிருந்து: கோரைப்பாயில் கறுப்புப் புள்ளி.

முகக்கவசம் போட்டு, வெளியே வைத்துத் தேய்த்துத் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்து வெயில் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு சுருட்டுங்கள். பாய் முழுக்கப் பரவியிருந்தால் புதுப் பாய்தான்.

மறுபடி மயிலாடுதுறை: கார்ப்பெட் காய்ந்துவிட்டது அண்ணே. எப்போது விரிக்கலாம்?

தரையைக் கேளுங்கள். பாலித்தீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் தரை இன்னும் ஈரம் விடுகிறது. கார்ப்பெட்டைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டுத் தை வெயிலுக்கு விரியுங்கள்.