பெரிய ஸ்கூட்டர் என்றால், எது பெரிசாக இருக்க வேண்டும்?

ஊரப்பாக்கத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"தினமும் சிறுசேரி சிப்காட்டுக்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன். போக வர 50 கி.மீ. வரும். 2016-இல் வாங்கிய ஆக்டிவா 3ஜி. இப்போதெல்லாம் பிக்கப்பே இல்லை, டிப்பர் லாரியைத் தாண்டப் போனால் பாதியில் பயந்து பின்வாங்க வேண்டியிருக்கிறது. ராத்திரி இடுப்பு விட்டுப்போகிறது. ஆபீசில் எல்லோரும் 155 சிசி யமஹா ஏராக்ஸ் எடு என்கிறார்கள், வீட்டுக்காரர் 125 போதும் என்கிறார். என் உயரம் 5 அடி 2 அங்குலம். சாயங்காலம் டியூஷனில் இருந்து மகளை ஏற்றிக்கொள்வேன், வாரம் இரண்டு தடவை தண்ணி கேனும் வரும். எதை வாங்கலாம்? எலக்ட்ரிக் பார்க்கலாமா?"

இதில் இரண்டு வேறு வேறு நோய் இருக்கிறது, நீங்கள் ஒரே மருந்து கேட்கிறீர்கள். பிக்கப் இல்லை என்பது என்ஜின் பக்கத்துப் புகார். இடுப்பு வலி சக்கரமும் ஷாக் அப்சர்பரும் சம்பந்தப்பட்டது. சிசியைக் கூட்டினால் முதலாவது தீரும், இரண்டாவது தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதுகு வலிக்கிறது என்று பெரிய வண்டி எடுத்து, இன்னும் வேகமாகப் போய் இன்னும் வலுவாகக் குதித்து, ஆறே மாதத்தில் விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

புது வண்டிக்குப் போகும் முன், பழசை ஒரு தடவை பெல்ட் பக்கத்து மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டரில் கியர் கிடையாது, ரப்பர் பெல்ட் ஒன்றும், அதைச் சின்ன வட்டத்தில் இருந்து பெரிய வட்டத்துக்குத் தள்ளுகிற ரோலர்களும்தான் கியர் வேலையைச் செய்கின்றன. பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்தால் அது மேல் விளிம்பு வரை ஏறாது, ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் சரியாக உருளாது. அப்போது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறி அச்சு அசலாக அதுதான். சுமார் 20,000 கி.மீ.க்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய விஷயம் இது. உங்கள் ஓட்டத்தில் ஒன்றரை வருடத்துக்குள் அந்தக் கணக்கு வந்துவிடும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ, ஏர் ஃபில்டர் நாலையும் மாற்றினாலும் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். மாற்றிய பிறகும் புது வண்டி வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், தப்பில்லை. அவசரத்தில் வாங்காமல் நிதானமாகப் பார்க்கலாம், பழசும் விற்கும்போது நல்ல விலைக்குப் போகும்.

அப்புறம் டயர் காற்று. பங்க்கில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு டயருக்கும் 35 அடித்து விடுகிறார்கள். உங்கள் மாதிரி ஸ்கூட்டரின் முன் டயருக்கு 22-ஐ ஒட்டி இருந்தால் போதும், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். இதை மட்டும் சரிசெய்தே கை மரத்துப்போவது நின்றவர்கள் உண்டு.

சரி, இடுப்புக்கு வருவோம். உங்கள் 3ஜியில் முன்னும் பின்னும் 10 இன்ச் ரிம், முன்பக்கம் பழைய பாணி லிங்க் சஸ்பென்ஷன். ஆக்டிவா 110-க்கு முன்னால் 12 இன்ச் சக்கரமும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் (குழாய்க்குள் குழாய் இறங்கி அதிர்ச்சியை வாங்குகிற, பைக் மாதிரி முன் சஸ்பென்ஷன்) 2020-இல் 6ஜி வந்தபோதுதான் கிடைத்தது. 10-க்கும் 12-க்கும் இரண்டு இன்ச்தானே என்று நினைக்க வேண்டாம். டயரோடு சேர்த்து அளந்தால் உங்கள் சக்கரம் சுமார் 43 செ.மீ. உயரம், 12 இன்ச் ரிம்மில் சாதாரண டயர் போட்டால் 47 செ.மீ., ஏராக்ஸின் 14 இன்ச் முன் சக்கரம் 53 செ.மீ. கண்டிகை தாண்டி ரோட்டில் தார் உரிந்து கிடக்கிற ஒரு குழியை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சக்கரம் அதற்குள் இறங்கி விளிம்பில் முட்டி ஏறும். பெரிய சக்கரம் அவ்வளவு ஆழம் இறங்காமலே அடுத்த விளிம்பைத் தொட்டுவிடும். அந்த முட்டல்தான் ஒரு நாளைக்கு நூறு தடவை உங்கள் முதுகுத்தண்டில் போய் விழுகிறது.

ஆகவே "பெரிய ஸ்கூட்டர்" என்றதும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது சக்கரத்தை, அதிலும் பின் சக்கரத்தை. முன்னால் 12 இன்ச் கொடுத்துவிட்டு பின்னால் 10 இன்ச்சையே வைத்திருக்கிற 125-கள் நிறைய. ஆக்டிவா 125 அப்படித்தான், சுசுகி அக்சஸும் அப்படித்தான் (ஆனால் அக்சஸின் சீட்டும் ஷாக்கும் மென்மை, அதைச் சொல்லாமல் விடக் கூடாது). ஓட்டுகிறவர் உட்காருவது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான், பின்னால் உட்காருகிற பிள்ளையோ ஏறக்குறைய அதன் மேலேயே. இரண்டு பக்கமும் 12 இன்ச் வேண்டுமென்றால் டிவிஎஸ் ஜூபிடர் 125, என்டார்க், புதிய ஹீரோ டெஸ்டினி 125, சுசுகி பர்க்மேனில் இஎக்ஸ் என்று முடிகிற மாடல் ஆகியவற்றைப் பாருங்கள்.

இப்போது ஏராக்ஸ். நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 155 சிசி, தண்ணீரால் குளிர்விக்கும் என்ஜின், 15 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, அதாவது உங்கள் ஆக்டிவாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், காரணம் தண்ணி கேன். ஏராக்ஸில் கால் வைக்கிற இடத்தின் நடுவில் மேடு ஓடுகிறது, பெட்ரோல் டேங்க் அதற்குள்தான் இருக்கிறது. 20 லிட்டர் கேனை எங்கே வைப்பீர்கள்? அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மகளின் ஸ்கூல் பை, மழைக்காலத்தில் நனைந்த ரெயின்கோட் என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தட்டையான இடம்தானே கதி. அது இல்லாத ஸ்கூட்டர் கியர் இல்லாத பைக்தான் என்பது என் கட்சி. புடவை கட்டுகிற நாளில் மேட்டைத் தாண்டிக் காலை வீசி ஏறுவதும் சுகப்படாது. ஏராக்ஸின் பின் ஷாக் கொஞ்சம் விறைப்பு, சீட் உயரம் 790 மி.மீ., எடை 126 கிலோ. ஹீரோ ஜூம் 160 என்றால் 142 கிலோ. பார்க்கிங்கில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருந்து பின்னால் தள்ளி எடுக்கும்போது 15, 20 கிலோ வித்தியாசம் என்னவென்று தெரியும்.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று. மில்லிமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, காகிதத்தில் குட்டையான வண்டியில்கூடக் கால் எட்டாது. இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டியதில்லை, ஆனால் மகளைப் பின்னால் வைத்து, கேனையும் முன்னால் வைத்து, சரிவான இடத்தில் நிற்கும்போது ஒரு பாதமாவது முழுசாகத் தரையில் பதிய வேண்டும்.

அப்படியானால் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரியா? பாதி சரி. 110-இல் இருந்து 125-க்குப் போனால் குதிரைத்திறன் பெரிதாகக் கூடாது. உங்கள் 3ஜி சுமார் 8, ஜூபிடர் 125-உம் 8-க்குக் கொஞ்சம் மேல்தான். கூடுவது இழுவிசை: 9 நியூட்டன் மீட்டருக்குக் கீழே இருந்தது 10.5-க்கு வரும். அது சிக்னலில் புறப்படும்போது, மேம்பாலம் ஏறும்போது, இரண்டு பேரோடு போகும்போது நன்றாகவே தெரியும். 50-இல் போகிற டிப்பரை 70-க்கு ஏறித் தாண்டுவதற்கு அது பெரிய உதவி செய்யாது. அதற்குக் குதிரைத்திறனே வேண்டும்.

அங்கேதான் நடுவில் ஒரு வண்டி வருகிறது. 2025 செப்டம்பரில் வந்த என்டார்க் 150. 149.7 சிசி, 13 பிஎஸ் சக்தி, இரண்டு பக்கமும் 12 இன்ச், கால் வைக்கும் இடம் தட்டை, சீட் 770 மி.மீ., எடை 115 கிலோ. இந்த 149.7 என்கிற எண்ணைக் கவனியுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 75 முதல் 150 சிசி வரை ஒரு ஸ்லாப், அதற்கு மேல் 350 வரை அடுத்த ஸ்லாப். புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும்: கீழ் ஸ்லாப்பில் 3,851 ரூபாய், மேல் ஸ்லாப்பில் 7,365 ரூபாய், வரி தனி. 155-ஓ 160-ஓ வாங்கினால் அந்த ஐந்து சிசிக்காக 3,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். ஆன்-ரோடு விலைச் சீட்டில் இது ஒரு வரியாக ஒளிந்திருக்கும், யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

125-ஐத் தாண்டுவதில் எனக்குப் பிடித்த விஷயம் வேகம் அல்ல, பிரேக். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் கட்டாயம், 125 வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விதி வந்தது. சிபிஎஸ் நல்லதுதான், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. உங்கள் ரூட்டில் டிப்பர் சிந்திய எம்-சாண்ட் வளைவில் பரவிக் கிடக்கும், ஐப்பசி மழை வந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கினால், ஏபிஎஸ் இல்லாத வண்டி அப்படியே படுத்துவிடும். 60-இல் போகும்போது ஒரு நொடி யோசித்தாலே கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிப்போயிருப்பீர்கள், மீதி இருக்கிற தூரத்தில் சக்கரம் வழுக்கக் கூடாது. எனவே 125 எடுத்தால் குறைந்தபட்சம் முன்னால் டிஸ்க் பிரேக் உள்ளதை எடுங்கள், டிரம் பிரேக்கில் மிச்சம் பிடிக்கிற ஐயாயிரம் ரூபாய் வேண்டாம்.

செலவைப் பார்ப்போம். மாதம் 25 நாள் என்றால் 1,250 கி.மீ. 125 உங்கள் சாலையில் 48 கொடுக்கிறது, 150-155 வண்டி 38 கொடுக்கிறது என்று வைத்தால் மாதம் 7 லிட்டர் வித்தியாசம், லிட்டர் 100 ரூபாய்க்கு 700 ரூபாய். பெரிய டயருக்கும் தண்ணீர் குளிர்விப்பு உள்ள என்ஜினுக்கும் சர்வீஸ் செலவு கொஞ்சம் தனி. தாங்கக்கூடியதுதான், ஆனால் மாதாமாதம் வரும்.

எலக்ட்ரிக்? 50 கி.மீ. என்பது அதற்கென்றே அளந்துவைத்த தூரம். ஏத்தர் ரிஸ்தா, டிவிஎஸ் ஐக்யூப் இரண்டுமே ஓசூரில் தயாராகிறவை, இரண்டிலும் 12 இன்ச் சக்கரம், தட்டையான இடம், புறப்படும் இழுவை பெட்ரோல் 125-ஐவிட வேகம். உச்ச வேகம் 80-ஐ ஒட்டி நின்றுவிடும், அது உங்களுக்குப் போதும். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உங்கள் பார்க்கிங்கில் உங்கள் மீட்டரில் இருந்து பிளக் பாயின்ட் இழுக்க முடியுமா? அடுக்குமாடியில் அசோசியேஷன் அனுமதி எழுத்தில் கிடைத்தால் மட்டும் மேலே யோசியுங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பி வண்டியை எடுத்துவிட்டு இரண்டாம் மாடியில் இருந்து ஒயர் தொங்கவிட்டவரை எனக்குத் தெரியும். கரண்ட் பில்லில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 80 யூனிட் கூடும். நீங்கள் ஏற்கெனவே 450-ஐ ஒட்டிப் போகிறவர் என்றால் 500-ஐத் தாண்டி ஸ்லாப் மாறும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு இது. பிளக் பாயின்ட் உறுதி என்றால் எலக்ட்ரிக். இல்லையென்றால், டிப்பரைத் தாண்டுகிற பிரச்சினை பெல்ட் மாற்றிய பிறகும் உங்களை உறுத்துகிறதா என்று பாருங்கள். உறுத்தினால் என்டார்க் 150. உறுத்தவில்லை, இடுப்புதான் பிரச்சினை என்றால் டிஸ்க் பிரேக் வைத்த ஜூபிடர் 125. அதில் பெட்ரோல் டேங்க் கால் வைக்கிற இடத்துக்கு அடியில் போய்விட்டதால் சீட்டுக்குக் கீழே 33 லிட்டர் இடம், இரண்டு ஹெல்மெட் போகும், பங்க்கில் சீட்டைத் திறக்க இறங்கவே வேண்டாம்.

டெஸ்ட் ரைடுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். ஷோரூம்காரர்கள் தெருவைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கவிட்டு சாவியை வாங்கிக்கொள்வார்கள், நான் ஒரு தடவை அப்படி வட்டமடித்து வாங்கிய வண்டி என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நுழையவே இல்லை, ஹேண்டில் இடித்தது. வேலைநாள் சாயங்காலம் போங்கள், மகளையும் உங்கள் ஹெல்மெட்டையும் காலி கேனையும் கூட்டிப்போங்கள். கேனை முன்னால் வைத்து ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் முழங்காலில் இடிக்கிறதா, வேகத்தடையில் 20-இல் ஏறினால் பின்னால் இருக்கிற பிள்ளை என்ன சொல்கிறாள், சென்டர் ஸ்டாண்டை யார் உதவியும் இல்லாமல் நீங்களே போட முடிகிறதா என்று பாருங்கள். குறைந்தது நாலைந்து கிலோமீட்டர் ஓட்ட விடவில்லை என்றால் அடுத்த ஷோரூம். எக்ஸ்சேஞ்சில் ஆக்டிவாவுக்கு அவர்கள் சொல்கிற விலைக்குத் தலையாட்டும் முன், உங்கள் மெக்கானிக்கிடம் வெளி விலை என்னவென்று கேட்டுவிட்டுப் போங்கள்.