அழுதா அவிசுவாசமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாசம் ஆச்சு. ஜெபத்துல முழங்கால் போட்டாலே அழுகைதான் வருது, "ஏன் ஆண்டவரே எடுத்துக்கிட்டீங்க"ன்னுதான் கேக்கத் தோணுது. சபையில சிலர் அது அவிசுவாசம், ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்கன்னு சொல்றாங்க. நான் தப்பா ஜெபிக்கிறேனா?

பதில்: இல்லம்மா. உங்ககிட்ட அப்படிச் சொன்னவங்கதான் தப்பு பண்றாங்க, அதை நான் கோபமாவே சொல்றேன்.

அன்னாளைப் பாருங்க, 1 சாமுவேல் முதல் அதிகாரம். பிள்ளை இல்லாத துக்கத்துல சாப்பாடு இறங்காம அழுது, சீலோவுல போய் ஜெபிக்கிறாங்க, உதடு அசையுது சத்தம் வரல, பாத்துட்டிருந்த ஆசாரியன் ஏலியே இவங்க குடிச்சிருக்காங்கன்னு நினைச்சு கண்டிச்சிட்டாரு. ஆசாரியனுக்கே புரியல, கர்த்தருக்குப் புரிஞ்சுது.

அன்னாளுக்குப் பிள்ளை கிடைச்சுது, எனக்கு அவர் திரும்ப வரப்போறாரான்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். அப்படின்னா 88-ஆம் சங்கீதத்த எடுங்க, மத்த புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கை வார்த்தையோட முடியும், இது அப்படி இல்ல, இருட்டுலயே முடியுது. அதையும் வேதத்துல இருந்து யாரும் எடுத்துப் போடல.

துக்கப்படக் கூடாதுன்னு 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ யாராச்சும் காட்டினா முழுசா வாசிக்கச் சொல்லுங்க. நம்பிக்கையில்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் பவுல் எழுதுறாரு, துக்கமே கூடாதுன்னு இல்ல.

இன்னொண்ணு. லாசரு செத்து 4 நாள் கழிச்சு இயேசு வர்றாரு, மார்த்தாளும் சரி மரியாளும் சரி முதல்ல சொன்னது "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" அப்படிங்கறதுதான். நீங்க கேக்குற அதே கேள்விதானே அது? ரெண்டு பேரையும் அவர் அவிசுவாசின்னு திட்டல, இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் மரியாள் அழுறதப் பாத்து அவரும் கண்ணீர் விட்டாரு.

அதனால மனசுல இருக்கறத அப்படியே கேளுங்கம்மா. வார்த்தை வரலன்னா சும்மா உட்காருங்க, வாக்குக்கடங்காத பெருமூச்சோட ஆவியானவரே நமக்காக வேண்டுறாருன்னு ரோமர் 8:26 சொல்லுது. ஸ்தோத்திரம் வர்றப்ப தானா வரும், அழுகைய மறைக்கறதுக்காக அத வாயில வரவழைக்க வேணாம்.

சபைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் 7 நாள் வாய் திறக்காம கூடவே தரையில உட்கார்ந்ததுதான், அவங்க பேசினதுக்குக் கர்த்தரே கோபப்பட்டாருன்னு யோபு 42-ஆம் அதிகாரத்துல இருக்கு. அடுத்த தடவை இந்த அம்மா வீட்டுக்குப் போனா அறிவுரை சொல்லாம அவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காருங்க, அவரப் பத்தி அவங்க பேசினா கேளுங்க.