ஸ்காட்லாந்து பிரியலாமா? வந்து மூன்று மாதமான தம்பிக்கு

தம்பி, கிளாஸ்கோவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிந்து தனி நாடாகலாமா என்ற பேச்சு வந்திருக்கிறது, உங்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். "நான் வெளியூர்க்காரன், எனக்கென்ன" என்று மழுப்பிவிட்டு, இப்போது மனசு உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிவது சரியா, நாம் இதில் வாய் திறக்கலாமா, விசாவுக்குச் சிக்கல் வருமா என்று மூன்றையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள்.

விசா பயத்தை முதலில் விடுங்கள். குடிவரவு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரசின் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்து பிரிய வேண்டும் என்றோ கூடாது என்றோ நீங்கள் சொல்வதால் உங்கள் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே இது சட்டப்படி நடக்கும் சாதாரண அரசியல். பிரிவினை கேட்கும் கட்சிதான் 2007 முதல் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் ஆட்சி நடத்தி வருகிறது.

"எனக்கென்ன" என்ற பதில்தான் எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு இங்கே ஓட்டு இருக்கிறது, தம்பி. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், முறையான விசாவோடு இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகன் எடின்பரோ நாடாளுமன்றத் தேர்தலிலும் லண்டன் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் 2006இல் படிக்க வந்தவன். படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேட, ஸ்காட்லாந்துக்கென்றே அப்போது ஒரு தனித் திட்டம் இருந்தது. இங்கே மக்கள்தொகை குறைந்துகொண்டே போகிறது என்ற கவலையில், லண்டனைச் சம்மதிக்க வைத்துத் தொடங்கிய திட்டம் அது. அது இல்லாவிட்டால் நான் அப்போதே ஊர் திரும்பியிருப்பேன். 2008இல் அதை பிரிட்டன் முழுவதற்குமான விசா முறைக்குள் கரைத்துவிட்டார்கள். இந்த நாட்டுக்கு ஆட்கள் தேவை, ஆனால் யாரை வரவிடுவது என்பதை இந்த நாடு முடிவு செய்ய முடியாது. பிரிவினைப் பேச்சின் ஒரு வேர் இதுதான், நம்மை நேரடியாகத் தொடும் வேரும் இதுதான்.

1707இல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து இரண்டின் நாடாளுமன்றங்களும் சட்டம் போட்டு ஒன்றானபோது சாதாரண ஜனங்களை யாரும் கேட்கவில்லை. பனாமாவில் ஒரு குடியேற்றம் அமைக்கப் போய் ஸ்காட்லாந்து பெரும் பணத்தைத் தொலைத்திருந்த நேரம் அது. இணைந்த பிறகும் சட்டம், கல்வி, திருச்சபை மூன்றும் தனியாகவே நீடித்தன. அதனால்தான் இங்கே உள்ளவர்கள் தங்களை ஒரு மாநிலமாக நினைப்பதில்லை, ஒரு ஒப்பந்தத்தில் இருக்கும் நாடாகவே நினைக்கிறார்கள். இங்கே யாரிடமும் பிரிட்டன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி இங்கிலாந்து என்று சொல்லிவிடாதீர்கள். 1999இல் எடின்பரோவுக்கு மீண்டும் ஒரு நாடாளுமன்றம் வந்தது. மருத்துவம், பள்ளி, காவல் அதன் கையில், வருமான வரியிலும் ஒரு பங்கு. குடிவரவு, ராணுவம், வெளியுறவு, நாணயம் எல்லாம் லண்டனில்.

பிரிவினை வாக்கெடுப்பு நடந்த 2014 செப்டம்பர் 18க்கு வருகிறேன். "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?" என்ற ஒரே கேள்வி, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். எங்கள் வாக்குச்சாவடி ஒரு தொடக்கப் பள்ளி. சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படங்கள், ஓரமாக அடுக்கி வைத்த குட்டி நாற்காலிகள். மறைப்புக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சில். எனக்கு முன்னால் நின்ற பாட்டி உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தார். எந்தப் பக்கம் போட்டார் என்று தெரியாது, கேட்கவும் கூடாது.

என்னோடு வந்திருந்தவர் யாழ்ப்பாணத்து நண்பர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் ஓட்டைப் போட்டுவிட்டு வாசலில் நின்றுவிட்டார். அங்கே நீலக் கொடியோடு "ஆம்" ஆட்கள் இருவர், எதிரே "இல்லை" ஆட்கள் இருவர். ஒரே பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு பென்சிலும் ஒரு தாளும். இவ்வளவும்தானே கேட்டனாங்கள்" என்றார். இலங்கையில் 1983ஆம் ஆண்டின் ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு, தனிநாடு என்று வாதாடுவதே சட்டப்படி குற்றம். அவருடைய வாக்காளர் அட்டை வீட்டில் பாஸ்போர்ட்டோடு ஒரே உறைக்குள் இன்னமும் இருக்கிறது. "எனக்கென்ன" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த உறைதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நான் "இல்லை" என்றுதான் போட்டேன். புதிதாக வீட்டுக்கடன் வாங்கியிருந்தேன். கடன் பவுண்டில். பிரிந்தால் பவுண்டைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்று அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். சம்பளம் எந்த நாணயத்தில் வரும், அது இறங்கினால் தவணை எவ்வளவு ஏறும் என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாரிடமும் தெளிவான பதில் இல்லை. பெரிய வங்கிகள் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்றன. நான் பயந்தது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. "ஆம்" பக்கத்தின் கணக்கு ஸ்காட்லாந்துக் கடலில் எடுக்கும் எண்ணெய் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்கும் என்று வைத்துப் போட்டது. 2016 ஜனவரியில் அது முப்பதுக்கும் கீழே போனது. அபர்டீனில் எண்ணெய் வேலையில் இருந்த நம் ஆட்கள் பலர் அந்த வருடங்களில் வேலை இழந்தார்கள்.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 55.3 சதவீதம் இல்லை, 44.7 ஆம். கிளாஸ்கோ "ஆம்" என்றது, எடின்பரோ "இல்லை" என்றது. ஓட்டுப் போட்டவர்கள் 84.6 சதவீதம். பதினாறு வயதுப் பிள்ளைகளும் போட்டார்கள்.

என் மனம் மாறியது 2016இல். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்பு வந்தது. 2014இல் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர், எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த போலந்துப் பெண். பத்து வருடமாக இங்கே வரி கட்டுபவர், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு இருந்தது. 2016இல் அவருக்கு ஓட்டு இல்லை. அவருடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்வி, எனக்கு ஓட்டு உண்டு, அவருக்குக் கிடையாது! அன்று மதியம் அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, "எனக்கும் சேர்த்துப் போட்டுவிடு" என்பதைத் தவிர. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருப்போம் என்றார்கள். மொத்த பிரிட்டனில் 51.9 சதவீதம் வெளியேறுவோம் என்றார்கள். வெளியேறியாயிற்று. இங்கிலாந்தின் ஜனத்தொகை இங்குள்ளதைப் போலப் பத்து மடங்கு. இங்கே பெரும்பான்மை ஒரு பக்கம் நின்றாலும் அங்கே எடுக்கும் முடிவுதான் முடிவு.

2014இல் "பிரிந்தால் ஐரோப்பாவை இழப்பீர்கள்" என்று சொல்லித்தான் நம்மிடம் "இல்லை" வாங்கினார்கள். பிரியாமல் இருந்தும் இழந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2020இல் எடின்பரோ நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், முறையாக இங்கே வசித்தால் ஸ்காட்லாந்துத் தேர்தல்களில் ஓட்டு. அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் உண்டு. இங்கே வசிப்பவர்தான் இந்த நாட்டு ஜனம் என்று ஒரு சிறிய நாடு சொல்கிறது. பிறப்பையோ ரத்தத்தையோ கேட்கவில்லை. நான் "ஆம்" பக்கம் வந்ததற்குப் பெரிய காரணம் இதுதான், எண்ணெயோ கொடியோ இல்லை. சிறிய நாடு என்பது எனக்குப் பயமில்லை. இங்கே ஐம்பத்தைந்து லட்சம் பேர், நார்வேயிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு ஒன்றியத்தைவிட்டுப் பிரிவது எவ்வளவு கஷ்டம் என்று ஐரோப்பிய விலகலே கற்றுக்கொடுத்தது. ஸ்காட்லாந்து வெளியே விற்கும் சரக்கிலும் சேவையிலும் பாதிக்கு மேல் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான் போகிறது. பிரிந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், இப்போது ரயிலில் தூங்கிக்கொண்டே கடக்கிற பெரிக் எல்லையில் சுங்கச் சோதனை வரும். தலைக்கு இங்கே செலவாகும் அரசுப் பணமும் பிரிட்டன் சராசரியைவிட அதிகம். இலவச மருந்துச் சீட்டும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத பல்கலைக்கழகப் படிப்பும் அதில்தான் அடங்கும். பிரிந்த முதல் சில வருடங்கள் நிச்சயம் சுருக்கித்தான் வாழ வேண்டியிருக்கும். "ஒரு கஷ்டமும் வராது" என்று சொல்பவரை நம்பாதீர்கள், அவர் என் "ஆம்" பக்கத்து ஆளாக இருந்தாலும்.

இன்னொரு பயம், குறைந்த வித்தியாசம். கியூபெக்கில் 1995இல் 50.58க்கு 49.42 என்று கனடாவோடு தங்கினார்கள். அதுவே மறுபக்கம் சாய்ந்திருந்தால், பாதி நாடு அழ, பாதி நாடு கொண்டாட, அதில் எப்படி ஒரு நாட்டைக் கட்டுவது? மாண்டினீக்ரோ 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் சொன்ன 55 சதவீத வரம்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, 55.5 வாங்கி செர்பியாவிடமிருந்து பிரிந்தது. ஆனால் அந்த மாதிரி வரம்பைச் சம்மதமில்லாமல் திணித்தால் காயம்தான் மிஞ்சும். 1979இல் இங்கே தனி சட்டமன்றத்துக்கு 51.6 சதவீதம் பேர் ஆம் என்று சொல்லியும், மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்ற விதியால் அது கிடைக்கவில்லை. அந்தக் கதையை இங்கே பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். ஆம் பக்கம் அறுபதைத் தொடும்வரை பொறுமையாக ஆட்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் கேட்கவே விடமாட்டோம் என்பதை என்னால் ஏற்க முடியாது. 2014 வாக்கெடுப்பு நடந்தது அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரனும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் சால்மண்டும் 2012 அக்டோபரில் எடின்பரோவில் கையெழுத்துப் போட்டதால். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், லண்டன் சம்மதிக்காமல் எடின்பரோ வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் போட முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். அப்படியானால் விருப்பப்பட்டுச் சேர்ந்த ஒன்றியம் என்கிறீர்களே, வெளியே போகும் வழி எது? இதற்கு லண்டனில் எந்தக் கட்சியும் இதுவரை நேராகப் பதில் சொல்லவில்லை. ஸ்பெயினின் காடலோனியாவில் 2017இல் பிரிவினை வாக்கெடுப்பில் ஓட்டுப் போட வந்தவர்களைப் போலீஸ் அடித்ததைப் பார்த்தோம். 2014இல் பிரிட்டன் நடந்துகொண்ட விதம் அதைவிட எவ்வளவோ உயர்ந்தது. அந்தப் பெருந்தன்மையைத்தான் திரும்பக் கேட்கிறோம்.

அலுவலகத்தில் என்ன சொல்வது என்றுதானே கேட்டீர்கள்? வந்து மூன்று மாதம், இன்னும் முடிவு செய்யவில்லை, உங்கள் காரணம் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். நன்றாகப் பேசுவார்கள். 2014இல் ஒரே வீட்டுக்குள் அப்பாவும் மகனும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்த கதை அநேகமாக ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும், அதையும் கேளுங்கள். நான் "ஆம்" என்பதற்காக நீங்களும் "ஆம்" என்று சொல்ல வேண்டாம். அந்த யாழ்ப்பாணத்து நண்பர் 2014இல் "இல்லை" போட்டவர், இன்றும் "இல்லை"தான். "நல்லா நடக்கிற வீட்டை ஏன் பிரிக்கோணும்" என்பார். நாங்கள் இன்னும் சண்டை போடுகிறோம், பிறகு சேர்ந்து சாப்பிடுகிறோம்.

வாக்காளர் பட்டியல் பதிவு பற்றி உங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. முகவரி சரியாக இருக்கட்டும், வீடு மாறினால் மறுபடி பதிவு செய்யுங்கள். வங்கிக் கடன் வாங்கும்போதும் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது உதவும். ஏதாவது சந்தேகம் வந்தால் எழுதுங்கள், தம்பி.