பால்மா விரிகுடாவில் காற்று மதியம்தான் வரும்

கேள்வி: போன ஆகஸ்டில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போயிருந்தோம். கோப்பா தெல் ரேய் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்க்கக் காலை ஒன்பதரைக்கே பால்மா கடற்கரையில் குழந்தைகளோடு நின்றோம். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. பதினொன்றரை வரை ஒரு படகும் ஓடவில்லை, திரும்பிவிட்டோம். இந்த முறை எப்போது, எங்கே போனால் பார்க்கலாம்?

பதில்: இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் இருந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். கோடையில் அந்த விரிகுடாவில் படகுகளை ஓட்டுவது ‘எம்பாத்’ என்கிற கடற்காற்று. நம் மீனவர்கள் கொண்டல், கச்சான் என்று பெயர் வைத்திருப்பதுபோல, அங்குள்ளவர்கள் வைத்த பெயர் அது.

மயோர்க்காவின் நடுப்பகுதி பெரிய சமவெளி. வெயில் ஏற ஏற அங்கே காற்று சூடாகி மேலே போகும். அந்த இடத்துக்குக் கடல் காற்று உள்ளே இழுபடும். விரிகுடாவின் வாய் தெற்கும் தென்மேற்குமாகத் திறந்திருக்கிறது. வடமேற்கே திராமுந்தானா மலைத்தொடர் வடக்குக் காற்றை மறித்து நிற்கிறது. அதனால் எம்பாத் கலையாமல் வரும், பல நாள் 10 முதல் 15 நாட் (மணிக்குச் சுமார் 19 முதல் 28 கிலோமீட்டர்) வேகத்தில். படகோட்டிகள் பால்மாவைக் கொண்டாடுவது இதற்காகத்தான். இரவு முழுக்கத் தரையிலிருந்து கடலுக்கு வீசும் மெல்லிய காற்று காலையில் அடங்கிவிடும். நீங்கள் நின்றது அந்த இடைவெளியில்.

அதனால் பன்னிரண்டு மணிக்கு மேல் போங்கள். கிளம்பும் முன் தீவின் உட்பகுதிப் பக்கம் வானத்தைப் பாருங்கள். பஞ்சுப் பொதி மாதிரி சின்னச் சின்ன மேகங்கள் திரண்டால் நல்ல சகுனம். வானம் முழுக்க மெல்லிய மேகம் மூடியிருந்தால் தரை சூடேறாது, காற்றும் பலமாக வராது. எம்பாத் வரும்போது கண்ணாலேயே பார்க்கலாம். தொலைவில் கடலின் மேல் கருநீலக் கோடு ஒன்று தோன்றி, மெல்ல மெல்லக் கரைப்பக்கம் நகர்ந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

காத்திருக்கும்போது நடுவர் படகில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கொடி பறக்கும். அது ஒத்திவைப்புக் கொடி. அது இறங்கியதிலிருந்து ஒரு நிமிடத்தில் எச்சரிக்கைச் சைகை, அதிலிருந்து வழக்கமாக ஐந்து நிமிடத்தில் தொடக்கம். குழந்தைகளிடம் பைனாகுலரைக் கொடுத்து அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

இடம் என்றால் போர்திச்சோல் முதல் காந் பாஸ்தியா வரையான கரையோர நடைபாதை. காற்று கடலிலிருந்து வருவதால் படகுகள் முதலில் காற்றை எதிர்த்து வெளியே போகும். திரும்பும்போது வயிறு புடைத்த பெரிய பாய்களோடு கரைப்பக்கம் வரும். அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

படகு வாடகைக்கு எடுத்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கடலடியில் கருமையாகத் தெரிவது பொசிடோனியா புல்வெளி. அதன் மேல் நங்கூரம் போடுவது அங்கே 2018 முதல் தடை. வெளிர் மணல் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.