கூகுள் அனலிட்டிக்ஸிலிருந்து பிக்குவெரிக்கு: தரவு ஏற்றுமதி பற்றிய கேள்வி பதில்

இணையதளத்திலும் செயலியிலும் நிகழ்வனவற்றைக் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகளைக் கூட்டிச் சுருக்காமல் அப்படியே பிக்குவெரி என்னும் பகுப்பாய்வுத் தளத்துக்குக் கொண்டுசெல்வது குறித்துப் பலர் கேட்ட கேள்விகளும், இதே பணியை அன்றாடம் செய்துவரும் ஒருவர் அளித்த பதில்களும் கீழே இடம்பெறுகின்றன.

கேள்வி: கைவினைப் பொருள்களை இணையத்தில் விற்கிறோம். மாதத்துக்குச் சில ஆயிரம் பேர்தான் எங்கள் தளத்துக்கு வருகிறார்கள். அனலிட்டிக்ஸ் தரும் அறிக்கைகளே போதும் என்று நினைக்கிறோம். பிறகு எதற்காகப் பிக்குவெரி?

பதில்: இன்றைக்கு உங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். ஆனாலும் இணைப்பை இன்றே ஏற்படுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏற்றுமதி என்பது நீங்கள் இணைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். முந்தைய நாள்களின் தரவை அது எடுத்துத் தராது. அனலிட்டிக்ஸின் இலவசப் பதிப்பில், பயனர் அளவிலான நிகழ்வுத் தரவு இயல்பாக 2 மாதங்களும், அமைப்பை மாற்றினால் 14 மாதங்களும் மட்டுமே வைத்திருக்கப்படும். சென்ற தீபாவளிக்கு வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தத் தீபாவளிக்கும் வந்தார்கள் என்று நீங்கள் கேட்க விரும்பும் நாளில், 2 மாத அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், ஆராய்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

கூகுள் அனலிட்டிக்ஸின் முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸுக்கு நேர்ந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் இலவசப் பதிப்பு 2023 ஜூலை 1 அன்று புதிய தரவைப் பதிவதை நிறுத்தியது. 2024 ஜூலையில் பழைய அறிக்கைகளைப் பார்க்கும் வசதியும் முடிவுக்கு வந்தது. தனியாக எடுத்துவைக்காதவர்களுக்குப் பல ஆண்டுக் கணக்கு அத்தோடு போயிற்று. பிக்குவெரியில் மாதந்தோறும் 10 ஜிகாபைட் சேமிப்பும் 1 டெராபைட் அளவுக்கான வினவலும் (அட்டவணைகளிடம் கேள்வி கேட்டு விடை பெறுவது) இலவசம் என்பதால், உங்கள் அளவுள்ள கடைக்குச் செலவு அநேகமாக இருக்காது.

கேள்வி: சென்ற மாதம்தான் இணைத்தேன். அதற்கு முந்தைய ஓராண்டுத் தரவை எந்த வழியிலாவது கொண்டுவர முடியுமா?

பதில்: மூலப் பதிவுகளாகக் கொண்டுவர முடியாது. நிரல் மூலம் அறிக்கைகளைப் பெற உதவும் அனலிட்டிக்ஸ் டேட்டா ஏபிஐ வழியாக, நாள்வாரி வருகை, பக்கவாரிப் பார்வை போன்ற கூட்டுத்தொகைகளை எடுத்துத் தனி அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம். அவற்றைப் பின்னாளைய மூலத் தரவோடு ஒரே அட்டவணையில் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு முறையில் எண்ணப்பட்டவை.

கேள்வி: இணைக்கும்போது தரவை எந்த இடத்தில் சேமிப்பது என்று கேட்கிறது. மும்பையா, அமெரிக்காவா? இதனால் என்ன வேறுபாடு?

பதில்: இந்தக் கேள்வியைப் பலர் பொருட்படுத்தாமல் அழுத்திவிட்டுப் போகிறார்கள். ஒரு டேட்டாசெட்டின், அதாவது அட்டவணைகளை வைக்கும் தொகுப்பின், இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. மாற்ற விரும்பினால் புதிதாக ஒன்றை உருவாக்கி அனைத்தையும் நகலெடுக்க வேண்டியிருக்கும். உங்களுடைய ஆர்டர் விவரமோ வாடிக்கையாளர் பட்டியலோ ஏற்கெனவே மும்பையில் இருந்தால், இதையும் மும்பையிலேயே வையுங்கள். வெவ்வேறு இடங்களில் உள்ள அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பது வீண் தலைவலி. வேறெதுவும் இல்லையென்றால், உங்கள் நிறுவனத்தின் தரவுக் கொள்கை எந்த நாட்டைக் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: பிக்குவெரி இயங்கும் கூகுள் கிளவுட் கணக்கை விளம்பர முகவரின் பெயரில் திறக்க விடாதீர்கள், ஒப்பந்தம் முடியும் நாளில் தரவு யாருடையது என்ற வழக்கு வரும்.

கேள்வி: நாள்தோறும் ஒருமுறை ஏற்றுமதி, தொடர் ஏற்றுமதி என்று இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. செய்தித் தளம் நடத்தும் எங்களுக்கு எது ஏற்றது?

பதில்: நாள் ஏற்றுமதி இலவசம், ஆனால் அனலிட்டிக்ஸின் இலவசப் பதிப்பில் நாளொன்றுக்கு 10 இலட்சம் நிகழ்வுகள் என்ற வரம்பு உண்டு. தொடர்ந்து அதைத் தாண்டினால் ஏற்றுமதி நிறுத்தி வைக்கப்படும். தொடர் ஏற்றுமதிக்கு அந்த வரம்பு இல்லை. நிகழ்வு நடந்த சில நிமிடங்களில் தரவு வந்துசேரும். ஆனால் ஜிகாபைட்டுக்கு 0.05 டாலர் கட்டணம் உண்டு. ஒரு ஜிகாபைட் என்பது ஏறத்தாழ 6 இலட்சம் நிகழ்வுகள் என்று கூகுளே கணக்குச் சொல்கிறது. ஆகவே தொகை பெரிதன்று.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. புதிதாக வந்த பயனர் எந்த வழியாக வந்தார் என்ற விவரம் தொடர் ஏற்றுமதியில் முழுமையாக இருக்காது. ஆசிரியர் குழு 'இப்போது எந்தச் செய்தி ஓடுகிறது' என்று பார்ப்பதற்குத் தொடர் ஏற்றுமதியும், மாத இறுதிக் கணக்குக்கு நாள் ஏற்றுமதியும் என இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வரம்பை நெருங்கினால், பக்கத்தை உருட்டியதைப் பதிவு செய்யும் நிகழ்வு போல எவரும் திரும்பிப் பார்க்காதவற்றை ஏற்றுமதியிலிருந்து விலக்கிவிடலாம்; இணைப்பின் அமைப்பிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

கேள்வி: வினவல் எழுதும் மொழியான எஸ்கியூஎல் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் இந்த அட்டவணையைத் திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரின் ஒரு வருகையைக் குறிக்கும் அமர்வு எண்ணைக் கேட்டால் வெறுமையாக வருகிறது. நிகழ்வுகளை எண்ணினால் பல மடங்காக வருகிறது.

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் இந்த அட்டவணைக்குப் புதிதாக வரும் அனைவரும் தடுக்கி விழும் இடங்கள். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அது அட்டவணையில் ஒரே ஒரு வரியாகப் பதிவாகும். அந்த வரியில் நிகழ்வின் பெயர் 'பேஜ் வியூ' என்று இருக்கும். நேரம் 16 இலக்க எண்ணாக இருக்கும். 'ஈவென்ட் பாராம்ஸ்' என்ற நெடுவரிசைக்குள் மட்டும் இன்னொரு சிறு பட்டியலே அடங்கியிருக்கும். அந்தப் பட்டியலில் பக்க முகவரி, பக்கத் தலைப்பு, அமர்வு எண், பக்கத்தில் செலவிட்ட நேரம் ஆகியவை பெயரும் மதிப்புமாக அடுக்கப்பட்டிருக்கும். மதிப்புக்கு மட்டும் நான்கு அறைகள் உண்டு: எழுத்துக்கு ஒன்று, முழு எண்ணுக்கு ஒன்று, பின்ன எண்களுக்கு இரண்டு. அமர்வு எண் முழு எண் அறையில் இருக்கிறது; நீங்கள் எழுத்து அறையில் தேடியிருக்கிறீர்கள். அதனால்தான் வெறுமை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நீங்களே உருவாக்கி அனுப்பும் விவரம் ஒன்று, எடுத்துக்காட்டாகப் பொருளின் குறியீடு, '1047' என்று இருந்தால் எண் அறைக்கும் 'அ1047' என்று இருந்தால் எழுத்து அறைக்கும் போய்விடும். ஒரே விவரம் இரண்டு அறைகளில் சிதறிக் கிடக்கும். அத்தகைய விவரங்களை எடுக்கும்போது, எண் அறையை எழுத்தாக மாற்றி, இரண்டில் எது நிரம்பியிருக்கிறதோ அதைக் 'கோலெஸ்' என்னும் எஸ்கியூஎல் கட்டளை கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, எண்ணிக்கை பல மடங்காவதற்கு வருவோம். 'அன்னெஸ்ட்' என்னும் கட்டளையை வினவலின் 'ஃப்ரம்' பகுதியில் எழுதினால், உள்ளிருக்கும் பட்டியல் விரிந்து, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு வரி என்றாகிவிடும். ஒரு நிகழ்வில் 9 விவரங்கள் இருந்தால் அது 9 வரிகள். அதன் மேல் நிகழ்வுகளை எண்ணினால் 9 மடங்கு வராமல் என்ன செய்யும்? அதற்கு மாறாக, 'செலெக்ட்' பகுதிக்குள் ஒரு துணை வினவலாக 'அன்னெஸ்ட்'டை எழுதி, பெயர் பொருந்தும் மதிப்பை மட்டும் எடுத்தால், ஒரு நிகழ்வு ஒரு வரியாகவே நிற்கும்.

கேள்வி: பிக்குவெரியில் எண்ணிய பயனர், அமர்வு எண்ணிக்கைகளும் அனலிட்டிக்ஸ் திரையில் தெரிபவையும் ஒத்துப்போகவில்லை. மேலாளர் எது சரி என்று கேட்கிறார்.

பதில்: இரண்டும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தவறு என்பதை முதலில் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். திரையில் காண்பது பல இடங்களில் மதிப்பீடு. பெரிய எண்ணிக்கைகளை விரைவாகக் கணக்கிட, ஹைப்பர்லாக்லாக் என்ற தோராய எண்ணும் முறையை அனலிட்டிக்ஸ் கையாள்கிறது. நீங்கள் பிக்குவெரியில் துல்லியமாக எண்ணுகிறீர்கள். குக்கீக்கு இசைவு தராதவர்களின் நடத்தையை ஊகித்துத் திரையில் சேர்க்கும் வசதி செயல்பட்டால், அந்த ஊகங்கள் ஏற்றுமதிக்கு வரமாட்டா. மிகச் சிலரைக் காட்டும் வரிகளைத் தனியுரிமை கருதித் திரை மறைப்பதும் உண்டு.

இவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பெரிய வேறுபாடுகள் பெரும்பாலும் நம் வினவலில்தான் இருக்கின்றன. திரையில் 'பயனர்கள்' என்று காட்டப்படுவோர் செயலில் இருந்த பயனர்கள். நீங்களோ தளத்துக்கு வந்த எல்லாரையும் எண்ணியிருப்பீர்கள். அமர்வு எண் என்பது அந்த அமர்வு தொடங்கிய நொடியைக் குறிக்கும் எண். ஒரே நொடியில் இருவர் நுழைந்தால் இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும். ஆகவே அதைத் தனியாக எண்ணாமல், பயனரின் அடையாளக் குறியோடு சேர்த்து எண்ண வேண்டும். நேரமும் ஒரு காரணம். தேதி நெடுவரிசை உங்கள் கணக்கில் அமைத்த நேர மண்டலத்தைப் பின்பற்றுகிறது. 16 இலக்க நேரமோ உலகப் பொது நேரத்தில், மைக்ரோ நொடியில் இருக்கிறது. இந்தியாவில் அதிகாலை 2 மணிக்கு நடந்தது, பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 8.30. அந்த நேரத்திலிருந்து தேதியைக் கணக்கிடுபவர்களுக்கு, ஒவ்வொரு நாளிலும் ஐந்தரை மணி நேரத் தரவு முந்தைய நாளின் கணக்கில் ஏறிவிடும்.

கடைசியாக ஒன்று. 'ஈவென்ட்ஸ்' என்று தொடங்கும் எல்லா அட்டவணைகளையும் உடுக்குறி (*) இட்டு ஒன்றாக அழைத்தால், தொடர் ஏற்றுமதிக்கான அன்றைய அட்டவணையும் சேர்ந்தே வரும். அதை வேண்டுமென்றே சேர்க்கிறீர்களா, தெரியாமல் சேர்க்கிறீர்களா என்று பாருங்கள்.

என் நடைமுறை இது: ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு, பக்கப் பார்வைகளின் மொத்தத்தை மட்டும் இரு பக்கமும் ஒப்பிடுவேன். அது ஏறத்தாழ ஒத்துப்போனால் தரவு வரும் குழாயில் பழுதில்லை. எஞ்சியது வரையறை வேறுபாடு.

கேள்வி: கூகுளின் அறிக்கைக் கருவியான லுக்கர் ஸ்டூடியோவில், வரைபடங்களை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு ஒன்றை அமைத்தோம். மாதக் கட்டணம் திடீரென ஏறிவிட்டது. வினவல்களில் 'லிமிட் 100' என்று போட்டும் குறையவில்லை.

பதில்: பிக்குவெரி எத்தனை வரிகளைத் திருப்பித் தந்தது என்பதற்குக் கட்டணம் இல்லை, எத்தனை பைட்டுகளைப் படித்தது என்பதற்குத்தான் கட்டணம். அதனால் 'லிமிட்' போட்டாலும், இந்த அட்டவணைகளில் முழு நெடுவரிசையும் படிக்கப்பட்டுவிடும். நெடுவரிசை எல்லாவற்றையும் கேட்கும் உடுக்குறி 'செலெக்ட்' பாழாய்ப்போன பழக்கம். தேவையான நெடுவரிசைகளை மட்டும் கேளுங்கள்; அட்டவணைப் பெயரின் இறுதியில் உள்ள தேதியைப் பார்க்கும் 'டேபிள் சஃபிக்ஸ்' நிபந்தனையால் தேதியைக் கட்டுப்படுத்துங்கள். வினவல் எழுதும் திரையில், வினவலை ஓட்டும் முன்பே எவ்வளவு படிக்கப்போகிறது என்று காட்டும். அதைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

ஆயினும் உங்கள் சிக்கலின் வேர், மூல அட்டவணையை நேராக டேஷ்போர்டோடு இணைத்ததுதான் என்று தோன்றுகிறது. ஒருவர் தேதியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வரைபடமும் தனித்தனியே வினவலை அனுப்பும். இடையில் ஒரு சுருக்க அட்டவணையை அமையுங்கள்: தேதி, பக்கம், வந்த வழி, எண்ணிக்கை என்ற அளவில், தேதிவாரியாகப் பிரித்த அட்டவணை. நாள்தோறும் ஒருமுறை அதை நிரப்பும் திட்டமிட்ட வினவல் ஒன்று ஓடட்டும். டேஷ்போர்டு அதை மட்டும் படிக்கட்டும்.

அந்த நிரப்பும் வேலையை எழுதும்போது நேற்றைய நாளை மட்டும் சேர்த்தால் போதாது. கைப்பேசி இணைப்பு இல்லாமல் இருந்தபோது நடந்தவை தாமதமாக வந்துசேரும் என்பதால், ஒரு நாளின் அட்டவணை 3 நாள்கள் வரையில் புதுப்பிக்கப்படலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் கடைசி 4 நாள்களை அழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். வெறுமனே சேர்த்துக்கொண்டே போனால், வேலை இரண்டுமுறை ஓடிய நாளில் எண்ணிக்கை இரட்டிக்கும். அழித்து எழுதினால் எத்தனை முறை ஓடினாலும் விடை ஒன்றே.

கேள்வி: சில மாதங்களாக ஒழுங்காக வந்துகொண்டிருந்த அட்டவணைகளில் பழையவை காணாமல் போய்விட்டன. யாரும் அழிக்கவில்லை.

பதில்: நீங்கள் கட்டண அட்டை இணைக்காத சாண்ட்பாக்ஸ் முறையில் இருக்கிறீர்கள். அதில் எந்த அட்டவணைக்கும் ஆயுள் 60 நாள்கள். கட்டணக் கணக்கை இணைத்தபின், டேட்டாசெட்டின் இயல்புக் காலாவதியையும், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வோர் அட்டவணையின் காலாவதியையும் நீங்களே நீக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் இருப்பவையும் ஒவ்வொன்றாக மறையும்.

கேள்வி: பக்க முகவரிகளில் சிலரின் மின்னஞ்சல் தெரிகிறது. இதனால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: தளத்தின் படிவம் ஒன்று மின்னஞ்சலை முகவரிப் பட்டையில் ஒட்டி அனுப்புகிறது என்று பொருள். தனி ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனலிட்டிக்ஸுக்கு அனுப்புவதைக் கூகுளின் விதிகளே தடைசெய்கின்றன. இந்தியாவில் 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. முதலில் படிவத்தைத் திருத்துங்கள். அடுத்து, அனலிட்டிக்ஸின் தரவு ஓடை அமைப்பில் மின்னஞ்சலை மறைக்கும் வசதியை இயக்குங்கள். இவை இனி வருவனவற்றுக்கு மட்டுமே. ஏற்கெனவே பிக்குவெரியில் இறங்கிவிட்ட பிரதி உங்கள் பொறுப்பில் உள்ளது. அதை நீங்களேதான் வினவல் எழுதித் துடைக்க வேண்டும், சுருக்க அட்டவணைகளையும் சேர்த்து.

கேள்வி: கூகுளில் எந்தச் சொல்லைத் தேடி எங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதையும் இதே இடத்துக்குக் கொண்டுவர வழி உண்டா?

பதில்: உண்டு. கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் மொத்த ஏற்றுமதி என்ற வசதி 2023 முதல் இருக்கிறது. அதுவும் பிக்குவெரிக்கே வருகிறது. திரையில் 16 மாதங்கள்தான் பார்க்க முடியும்; ஏற்றுமதி செய்தால் நீங்கள் வைத்திருக்கும்வரை இருக்கும். இங்கும் பழைய தரவு வராது. தேடல் சொல்லையும் தனிப்பட்ட வருகையையும் இணைக்கும் பொதுக் குறி எதுவும் இல்லாததால், பக்க முகவரியையும் தேதியையும் கொண்டுதான் இரண்டையும் சேர்க்க முடியும். சேர்ப்பதற்கு முன், முகவரியின் பின்னொட்டாக வரும் கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதியை இரு பக்கமும் வெட்டிவிடுங்கள்.