டேப் சுற்றிய கேபிளுக்கு எவ்வளவு இழப்பீடு கேட்கலாம்?

கேள்வி: மகளின் பிளஸ் டூ படிப்புக்காக வாங்கிய டேப்லெட்டோடு வந்த சார்ஜிங் கேபிள் எட்டு மாதத்தில், டேப்லெட்டில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில், கழுத்துப் பகுதியில் பிய்ந்துவிட்டது. இணைய வணிகத் தளம் ஒன்றில் ஓராண்டு உத்தரவாதம் என்று போட்டிருந்த வேறொரு கேபிளை 799 ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் ஐந்தாவது மாதத்தில் அதே இடத்தில் உறை விலகி உள்கம்பி தெரிந்தது. படம் எடுத்து விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. தேர்வு நேரம் என்பதால் இன்சுலேஷன் டேப் சுற்றிப் பயன்படுத்தினோம். மூன்று வாரம் கழித்து ஓர் இரவு கேபிள் உருகி, டேப்லெட்டின் சார்ஜிங் துளை கருகி, படுக்கை விரிப்பிலும் ஓட்டை விழுந்தது. போர்டு மாற்ற 9,400 ரூபாய் ஆகும் என்கிறது சர்வீஸ் சென்டர். பழைய கேபிளைத் திருப்பி அனுப்பினால் புதியது தருவதாக விற்பனையாளர் இப்போது சொல்கிறார். எங்கள் பயத்துக்கும் மகளின் தேர்வு கெட்டதற்கும் ஐந்து லட்சம் கேட்டு வழக்குத் தொடர விரும்புகிறேன். முடியுமா?
ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் வாடிக்கையாளர் சேவை மையத்தில் உங்களிடம் பேசிய விதத்தைப் பற்றியது. அதைப் படித்தேன், அதற்கு மேல் அதில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. மரியாதையில்லாமல் பேசியதற்குத் தனியே விலை போட்டு எந்த நுகர்வோர் ஆணையமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. மகளின் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இந்தக் கேபிளுக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கவும் உங்களால் முடியாது. இவை இரண்டையும் ஒதுக்கிவிட்டால் உங்கள் வழக்கு முழுவதும், மூன்றாம் பக்கத்தின் நடுவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரே வரியில் அடங்கிவிடுகிறது: 'டேப் சுற்றிப் பயன்படுத்தினோம்.'

டேப் சுற்றுவதற்கு முன்னால் நடந்தது ஒரு வழக்கு, சுற்றிய பின் நடந்தது வேறொரு வழக்கு. முதலாவதில் நீங்கள் பலமாக இருக்கிறீர்கள், இரண்டாவதில் அவர்கள் பலமாக இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஐந்து லட்சம் கேட்டால், பலவீனமான வழக்கு பலமான வழக்கையும் இழுத்துக்கொண்டு கீழே போகும்.

பலமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(10), பொருளின் குறைபாடு என்பதை வரையறுக்கும்போது, ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரத்தையும் வணிகர் தானே உரிமை கொண்டாடிய தரத்தையும் அளவுகோலாக வைக்கிறது. ஓராண்டு உழைக்கும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியவர் அவர். ஐந்து மாதத்தில் உறை விலகிவிட்டது. வழக்கமான தேய்மானத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்பார்கள், கேபிள் விற்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். தேய்மானம் என்பது உத்தரவாதக் காலத்தின் பாதியைக்கூடத் தாண்டாத பொருளுக்குச் சொல்லும் பதிலல்ல என்று வாதிடலாம், அந்த வாதம் நிற்கும்.

ஆனால் 'அதுவும் அதே இடத்தில் பிய்ந்தது' என்று நீங்கள் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுக்குச் சாதகம் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். எதிர்தரப்பு வழக்கறிஞராக நான் இருந்தால் அந்த வரியைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன். இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கேபிள்கள் ஒரே வீட்டில், ஒரே கையில், ஒரே இடத்தில் பிய்ந்தன என்றால், குறை கேபிளிலா, அல்லது படுத்துக்கொண்டு டேப்லெட்டை நெஞ்சில் நிறுத்தி, கீழ்விளிம்பில் கேபிளை மடக்கியபடி சார்ஜ் போட்டுக்கொண்டே பார்க்கும் பழக்கத்திலா என்று கேட்பேன். கழுத்துப் பகுதியில் மடிப்பு விழ விழ, உள்ளே இருக்கும் மயிரிழைத் தாமிரக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சமிருக்கும் சில இழைகளே மொத்த மின்னோட்டத்தையும் தாங்க நேர்ந்து, அந்த ஓரங்குலம் மட்டும் சூடாகிறது. தரமான கேபிளுக்கும் இது நடக்கும், மட்டமான கேபிளுக்குச் சீக்கிரம் நடக்கும். பெட்டியோடு வந்த முதல் கேபிள் இந்தப் புகாருக்குத் தேவையே இல்லை, அதற்கும் இந்த விற்பனையாளருக்கும் சம்பந்தமில்லை. கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காதபோது நீங்களாக அதை வைத்து வாதத்தைக் கட்டாதீர்கள்.

இனி இரண்டாவது வழக்கு. கேபிளால் டேப்லெட்டுக்கும் விரிப்புக்கும் ஏற்பட்ட சேதம் சட்டத்தின் ஆறாம் அத்தியாயமான பொருள் பொறுப்புக்குள், அதாவது குறையுள்ள பொருளால் நேரும் சேதத்துக்குத் தயாரித்தவரும் விற்றவரும் பதில் சொல்லும் பகுதிக்குள் வருகிறது. குறையுள்ள பொருள் தன்னையல்லாத வேறு சொத்துக்கு விளைவித்த சேதம் என்பதால் வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த வாசலிலேயே பிரிவு 87 நிற்கிறது. சேதம் நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ, மாற்றப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு நடவடிக்கை கிடையாது என்கிறது அதன் முதல் உட்பிரிவு. வெளிப்படையான, எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளரைக் குற்றம் சொல்ல முடியாது என்கிறது மூன்றாவது. கம்பி தெரியும் கேபிள் ஆபத்தானது என்பது வெளிப்படையானதா என்று கேட்டால், உங்களுக்கே அது தெரிந்ததால்தானே டேப் சுற்றினீர்கள் என்பார்கள்.

நீங்கள் பெருமையோடு இணைத்திருக்கும் அந்தப் படம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. கேபிள் ஐந்தாம் மாதத்தில் பழுதானது என்பதற்கு அது உங்கள் சிறந்த சான்று. அந்தத் தேதியிலிருந்தே ஆபத்து உங்களுக்குத் தெரியும் என்பதற்கும் அதுதான் சிறந்த சான்று. அதன் பிறகு மூன்று வாரம், இரவு முழுவதும், மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போட்டிருக்கிறீர்கள். பதில் வராததால்தான் அப்படிச் செய்தோம் என்ற உங்கள் சமாதானமும் முழுதாக எடுபடாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் கெடுவை அவர்கள் மீறினார்கள், அது சேவைக் குறைபாடு. ஆனால் கேபிள் உருகியபோது அந்த ஒரு மாதம் முடிந்திருக்கவில்லை. உங்கள் தெருமுனைக் கடையில் 200 ரூபாய்க்கு ஒரு கேபிள் கிடைத்திருக்காதா என்று ஆணையத்தில் யாராவது ஒருவர் கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். விற்பனையாளர் பழைய கேபிளைக் கேட்கிறார். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், கருகிய சார்ஜர் அடாப்டரைப் பரிசோதனைக்கு என்று சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு, ரசீதோடு வந்தார். பத்து நாளில் அவருக்குப் புதுப் பெட்டியில் புது அடாப்டர் வந்துவிட்டது. பழையது எங்கே என்று கேட்டோம், நடைமுறைப்படி அழிக்கப்பட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அடாப்டரால்தான் அவருடைய போன் எரிந்தது என்பதற்குக் கடைசிவரை எங்களிடம் இருந்தது அவருடைய வாக்குமூலம் மட்டுமே. ஒன்றரை ஆண்டு வாய்தாவுக்கு அலைந்து, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட அடாப்டரின் விலைக்கு மேல் ஒரு சிறு தொகைதான் செலவுக்காகக் கிடைத்தது. இதே கதையைப் பவர் பேங்கிலும் மிக்சியிலும் பார்த்துவிட்டேன்.

காரணம் எளிது. சோதித்துப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாத பொருள் என்றால், ஆணையம் அந்தப் பொருளைப் பெற்று, முத்திரையிட்டு, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 38(2)(சி). அனுப்புவதற்குப் பொருளே இல்லையென்றால் அந்தப் பிரிவு வெறும் காகிதம். பொருள் இருந்தாலும் ஆய்வகக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள்; அது கேபிளின் விலையைத் தாண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேபிளை இப்போது இருக்கும் நிலையிலேயே, சுற்றிய டேப்பைப் பிரிக்காமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் டேப்பை உரித்தால், உருகிய உறையும் கூடவே உரிந்து வரும். பிறகு எது எப்போது கிழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விரிப்பைத் துவைக்காதீர்கள். கேபிள் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும். விற்பனையாளர் நாளைக்கே தளத்திலிருந்து காணாமல் போனால், நீங்கள் பிடித்துக்கொள்ள வேறு ஆள் அவர்தான்.

அடாப்டரைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. எந்த அடாப்டரில் செருகியிருந்தீர்கள்? டேப்லெட்டோடு வந்ததா, அல்லது பேருந்து நிலையக் கடையில் வாங்கியதா? மொபைல் அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. அடாப்டரில் அந்த அமைவனத்தின் முத்திரைக்கு அருகே ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத அடாப்டர் என்றால், கேபிளைக் கெடுத்தது அடாப்டர்தான் என்று எதிர்தரப்பு சொல்லும், டேப்லெட் வழக்கை அங்கேயே மறந்துவிடலாம்.

டேப்லெட்டைப் பழுதுபார்க்க வாங்கியபோது சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட்டின் நகலைப் பார்த்தேன். 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று அதில் குறித்திருக்கிறார்கள், கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. டேப்லெட்டை ஒப்படைத்ததற்கான கையெழுத்து என்று நினைத்துத்தான் போட்டிருப்பீர்கள். குறுக்கு விசாரணையில் அது காரணத்தை ஒப்புக்கொண்ட கையெழுத்தாக மாறும். போர்டை மாற்றுவதற்கு முன், கண்ணால் கண்டதை மட்டும், அதாவது எந்தப் பாகம் எந்த அளவுக்குக் கருகியிருக்கிறது என்பதை மட்டும் எழுதித் தரச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேதத்துக்கான காரணத்தை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். தாமதமான மறுப்புதான், ஆனாலும் மறுப்பு. கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஐந்து லட்சத்துக்கு வருகிறேன். கேட்பதற்குத் தடையில்லை. 2019 சட்டத்தில் நீங்கள் கொடுத்த விலைதான் புகார்க் கட்டணத்துக்கும் ஆணையத்தின் அதிகார வரம்புக்கும் அளவு என்பதால், எவ்வளவு கேட்டாலும் உங்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த இலவசம்தான் பலரையும் கெடுக்கிறது. 799 ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து லட்சம் என்று முதல் பக்கத்தில் பார்த்ததுமே ஆணையத்தின் பார்வை மாறிவிடும். அதன்பின் உங்கள் நியாயமான பகுதியையும் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார்கள். சோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, சட்டத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டும்.

என் ஆலோசனை, சமாதானமாகப் போங்கள். கேபிள் விலை 799 ரூபாயும் போர்டு செலவில் பாதியான 4,700 ரூபாயும் கேளுங்கள். விரிப்பை விட்டுவிடுங்கள். 48 மணி நேர விதியை அவர்கள் மீறியதையும் ஓராண்டு உத்தரவாதத்தையும் மட்டும் விற்பனையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள், பேசிய தோரணையைப் பற்றி எழுதாதீர்கள். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டால் பல விற்பனையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகிறார்கள். வக்கீல் நோட்டீஸ் இதற்குத் தேவையில்லை. என் நோட்டீஸ் கட்டணத்தில் நான்கு கேபிள் வாங்கிவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். தொகை பேசி முடியும் முன் அவர்கள் புதிய கேபிளோ கூப்பனோ அனுப்பி, புகார் தீர்ந்ததாக ஏற்கும்படி ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன் என்று அதன்கீழே பொடி எழுத்தில் இருந்தால், டேப்லெட்டுக்கான கோரிக்கை அந்த ஒரு தொடுதலோடு போய்விடும். தொகை உங்கள் கணக்கில் ஏறிய பிறகு பழைய கேபிளைக் கொடுங்கள். அதற்கு முன்னால் எந்தக் கூரியர்காரர் வந்து நின்றாலும் கொடுக்க வேண்டாம்.

799-க்கு மேல் ஒரு ரூபாயும் தரமாட்டோம் என்றால் அப்போது புகார் கொடுங்கள். கேபிளின் குறைபாட்டையும் பதிலளிக்காத சேவைக் குறைபாட்டையும் முதன்மையாக வைத்து, டேப்லெட் செலவைத் தனித் தலைப்பில் கேட்டு, மன உளைச்சலுக்கு ஆயிரங்களில் மட்டும் ஒரு தொகை போடுங்கள். டேப் சுற்றியதை நீங்களே உண்மைப்படி முதலில் சொல்லிவிடுங்கள், அவர்கள் வாயால் அது வெளிவரக் கூடாது. மின்னஞ்சல் நகல்களுக்கும் படத்துக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63(4)-இன்படி மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் இணைக்க மறக்காதீர்கள். கேபிள் பிய்ந்ததைக் கண்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு, அவசரமில்லை. முதல் வாய்தாவிலேயே சமரச மையத்துக்கு அனுப்பலாமா என்று ஆணையம் கேட்டால் தயங்காமல் சரி என்று சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசியில், கூரியர்காரர் மறுநாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பதில் உங்கள் கைக்குக் கிடைக்கும் முன்பே கேபிளைக் கொடுத்தனுப்பியிருந்தால், 799 ரூபாயை வாங்கிக்கொண்டு, போர்டு செலவை உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.